ஆளுங்கட்சி வேன் ஏறிய நாள்

எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு என் வாழ்க்கையில் மூன்று வருடம் நீடித்தது. நான்காவது வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அது முடிந்துபோனது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளி வாசலில் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி பெங்களூர் வந்து, அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருந்தேன். வேலை டெம்பரரி. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் நிரந்தரம் செய்துவிடலாம் என்று அன்பாகச் சொல்வார். நானும் அன்பாகத் தலையாட்டிவிட்டு வருவேன்.

நாடாளுமன்றம் என்றால் எனக்கு உயிர். ஊரே சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் மக்களவை நேரலை பார்ப்பேன். (இந்த விஷயத்தைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க வீட்டுல யாரும் சொல்லல. பாவம், என் வீட்டுக்காரர்.) ஒரு மசோதா எப்படி அறிமுகமாகிறது, எந்தக் கட்டத்தில் அதைப் பிரிவு பிரிவாக அலசுகிறார்கள், எப்போது குரல் வாக்கெடுப்பு, எப்போது எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை என்பதுதான் என் குறை.

அந்தக் குறையைத் தாளாளர் தீர்த்துவைத்தார். ஆண்டு விழாவில் மாணவர்களை வைத்து ஒரு மாதிரி நாடாளுமன்றம் நடத்தச் சொன்னார். அதற்குப் பின்னால் அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அடுத்த வருடம் முதல் சனிக்கிழமையும் முழுநாள் பள்ளி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சுற்றறிக்கை அனுப்பினால் பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள். பிள்ளைகளே மேடையில் விவாதித்துச் சட்டம் போட்டுவிட்டால்?

"பிள்ளைங்களே கேட்ட மாதிரி ஆயிடும் மிஸ். கடைசியில நான் குடியரசுத் தலைவரா வந்து கையெழுத்துப் போட்டுடறேன். அதே மேடையில உங்க கன்ஃபர்மேஷன் ஆர்டரையும் கையில குடுத்துடறேன்" என்றார்.

பெற்றோர்களை இப்படி ஏமாற்றலாமா என்று ஒரு நல்ல ஆசிரியை யோசித்திருப்பாள். எனக்கு அந்த ஆர்டர் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். சபாநாயகர் ஒன்பதாம் வகுப்பு ஆயிஷா. குரல் கணீரென்று இருக்கும், ஒரு தடவை முறைத்தால் பக்கத்து வகுப்பும் அமைதியாகும். ஆளுங்கட்சிக்குப் பதினெட்டு பேர், எதிர்க்கட்சிக்குப் பன்னிரண்டு பேர். யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதில்தான் என் மூளை வேலை செய்தது.

ஈஜிபுரா போகும் வேன் தினமும் தாமதமாகத்தான் வரும். அந்த வேன் பிள்ளைகள் பதினெட்டு பேர் பள்ளி விட்ட பிறகும் நாலரை மணி வரை மைதானத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆளுங்கட்சிக்குத்தான் வசனம் அதிகம், ஒத்திகையும் அதிகம் வேண்டும். ஆகவே வேனில் போகிற அத்தனை பேரையும் அப்படியே ஆளுங்கட்சி ஆக்கினேன். அல்சூரிலேயே வீடு இருந்து நடந்து போகிறவர்கள் எதிர்க்கட்சி. இந்தியாவில் கட்சி பிரிக்க எத்தனையோ வழி இருக்கிறது. வேன் ரூட்டை வைத்துப் பிரித்தது நான் ஒருத்திதான். அன்று அதை நினைத்துப் பெருமையாக வேறு இருந்தது.

எதிர்க்கட்சிக்கு ஒரே ஒரு வசனம். சபாநாயகர் கேட்கும்போது "இல்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அவர்கள் போரடிக்கிறது என்று முனகியதால், சும்மா இருக்கட்டும் என்று என் குறிப்பு நோட்டை எதிர்க்கட்சித் தலைவி நந்தினியிடம் கொடுத்தேன். அவை நடத்தும் விதிகளை மூன்று வருடமாக நான் எழுதிச் சேர்த்த நோட்டு அது. அந்தப் பெண் அதை ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் பூரிப்பு.

விழா இரண்டரை மணிக்கு. எப்படிப் போனாலும் நாலு மணிக்கு முடிந்துவிடும். இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக வேன் டிரைவர் மஞ்சண்ணாவிடம், அன்று ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியுமா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று கேட்டேன். பெங்களூரில் அந்தச் சொல்லுக்கு மசியாத மனிதர் கிடையாது. பஸ் சீட்டிலிருந்து வாடகை வீடு வரை எல்லாம் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

"ஆகல்ல மேடம். நாலரைக்கு வண்டி எடுத்தே தீரணும். அங்கிருந்து கம்பெனி டிரிப் இருக்கு" என்றார் அவர்.

முக்கிய விருந்தினர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பி, எல்லா சிக்னலிலும் நின்று, நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். சால்வை, பூங்கொத்து, வரவேற்பு நடனம் எல்லாம் முடிந்து என் மக்களவை கூடியபோது மணி நாலு பதினைந்து. தாளாளர் ஷெர்வானி போட்டுக்கொண்டு மேடையின் ஓரத்தில் தனி நாற்காலியில் குடியரசுத் தலைவராக உட்கார்ந்திருந்தார். என் ஆர்டர் இருந்த கவரால் விசிறிக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் வசனப் பேப்பரோடு நின்றேன்.

ஆரம்பம் அருமையாக இருந்தது. பிரதமர் கார்த்திக் எழுந்து சனிக்கிழமைப் பள்ளி மசோதாவை அறிமுகம் செய்தான். நாட்டின் எதிர்காலமே சனிக்கிழமையில்தான் இருக்கிறது என்று பேசினான். (நான் எழுதிக் குடுத்ததுதான். இப்ப நினைச்சாலும் கூசுது.) கல்வி அமைச்சர் பேசினார். பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. கீழே பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பிரிவு மூன்றில் ஹாரன் கேட்டது. இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில் இரண்டு பேர் பையைத் தோளில் மாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வேன் போய்விட்டால் அவர்களுக்கு வீடு போக வழியில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலையில் இருப்பார்கள், விழாவுக்கும் வந்திருக்கவில்லை. அது கூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஆனால் அவர்கள் ஓடவில்லை. அவையை விட்டு வெளியே போகும் உறுப்பினர் சபாநாயகரைப் பார்த்துத் தலைவணங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் பதினைந்து நாள் உயிரை வாங்கியிருந்தேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். நடுவில் வந்து நின்றார்கள். ஆயிஷாவைப் பார்த்து அழகாகக் குனிந்தார்கள். பிறகு படியிறங்கிப் போனார்கள். நிதியமைச்சர் போனார், பாதுகாப்பு அமைச்சர் போனார், கட்சிக்காரர்கள் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கொறடாவும் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொருவருக்கும் ஆயிஷா கம்பீரமாகத் தலையசைத்து விடைகொடுத்தாள்.

பெற்றோர்கள் கை தட்டினார்கள். ஆளுங்கட்சியே வெளிநடப்புச் செய்கிறது, நல்ல கற்பனை என்று முக்கிய விருந்தினர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பதினேழு நாற்காலிகள் காலி. கார்த்திக் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா அன்றைக்கு லீவு போட்டு ஸ்கூட்டரில் வந்திருந்தார், அதனால்.

சபையை ஒத்திவைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று, போதுமான உறுப்பினர் இல்லை, ஒத்திவை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆயிஷாவிடம் அனுப்பினேன். அவள் படித்தாள். மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"மிஸ், பத்துல ஒரு பங்கு இருந்தா போதும்னு நீங்கதான் சொன்னீங்க. முப்பத்தொண்ணுக்கு நாலு பேர். இங்க என்னையும் சேர்த்து பதினாலு பேர் இருக்கோம்."

பெற்றோர்கள் அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள். திரைக்குக் கீழே என் செருப்புத் தெரிந்திருக்கும்.

ஆயிஷா மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டாள். ஆம் என்போர் யார் என்று கேட்டாள். அமைதி. இல்லை என்போர்? பன்னிரண்டு பேரும் பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த குரலில் கத்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். நந்தினி எழுந்து, எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று முறைப்படி கோரினாள். என் நோட்டில் பதினோராவது பக்கம் அது.

எதிர்த்துக் கை தூக்கியவர்களை ஆயிஷா எண்ணினாள். பதின்மூன்று.

பிரதமரும் கை தூக்கியிருந்தார். தன் அரசாங்கம் கொண்டுவந்த மசோதாவைத் தானே எதிர்த்து. பிறகு நான் ஏன்டா என்று கேட்டபோது, "சனிக்கிழமை எனக்கு கிரிக்கெட் கோச்சிங் மிஸ்" என்றான். கண்டிக்க வேண்டிய கொறடா அந்நேரம் டிரினிட்டி சர்க்கிள் தாண்டியிருப்பான்.

தாளாளர் கவரோடு எழுந்து அவையின் நடுவே வந்தார். ஆயிஷா மணியை அடித்தாள். மாண்புமிகு குடியரசுத் தலைவர் அவர்கள் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது, தயவுசெய்து இருக்கையில் அமரவும் என்றாள். இதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் நின்றார், கூட்டத்தைப் பார்த்தார், போய் உட்கார்ந்தார். இதற்கிடையில், மாநிலங்களவைக்குப் பிள்ளைகள் போதாததால் அங்கே நிறைவேறியதாக அறிவிக்கும் பொறுப்பை நான் பி.டி. மாஸ்டரிடம் கொடுத்திருந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணயர்ந்திருந்த அவர் மணிச் சத்தத்தில் விழித்து, தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து, மசோதாவை மேலவை ஏகமனதாக நிறைவேற்றிவிட்டதாக அறிவித்தார். கீழவையில் தோற்ற மசோதா அங்கே எப்படி சார் வந்தது என்று நந்தினி கேட்டாள். அரங்கமே சிரித்தது. எனக்குத் திரையைச் சுற்றிக்கொண்டு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

முக்கிய விருந்தினர் கடைசியில் பேசினார். இத்தனை வருடத்தில் இவ்வளவு நேர்மையான அவையைப் பார்த்ததில்லை, பிள்ளைகளின் தீர்ப்புக்குத் தலைவணங்கும் இந்தப் பள்ளி நிர்வாகத்தைப் பாராட்டுகிறேன் என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, அப்படியென்றால் சனிக்கிழமை பள்ளி இல்லைதானே என்று சத்தமாகக் கேட்டார். தாளாளர் எல்லாப் பற்களையும் காட்டி, இல்லை என்றார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபமே இல்லாத முகம்.

"எல்லாருக்கும் சனிக்கிழமை லீவு வாங்கிக் குடுத்துட்டீங்க மிஸ். நீங்க மத்த நாளையும் எடுத்துக்கோங்க."

வருட முடிவோடு வேலை போனது. சொல்வதற்கென்ன, வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று வருடம் காத்திருந்த ஆர்டர் அது. ஆனால் நடுவில் ஒரு நிமிடம் அழுகை நின்று, ஒரு பிள்ளை கூட ஒரு விதியையும் தப்பாகச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. சந்தோஷமாக இருந்தது. பிறகு மறுபடி அழுதேன்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன், நிரந்தரமாகவே. அங்கே எனக்குப் புவியியல் கொடுத்திருக்கிறார்கள். மலையும் நதியும் வாக்கெடுப்புக் கேட்பதில்லை.

ஆனால் என் மாமியார் இந்தக் கதையை விடுவதாக இல்லை. திருப்பத்தூரில் யார் கேட்டாலும், "எங்க மருமக ஆட்சியைக் கவுத்துட்டா, அதான் வேலையிலிருந்து தூக்கிட்டாங்க" என்பார். பள்ளி, பிள்ளைகள், வேன் எல்லாம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையிலிருந்து கழன்று, இப்போது வெறும் ஆட்சியும் நானும் மட்டும்தான் மிச்சம். போன மாதம் ஆனேக்கலில் ஒரு கிரகப்பிரவேசம். என் கணவரும் மகளும் ஓரமாக நின்று சிரிக்க, மாமியார் இலைக்கு இலை என்னை அறிமுகம் செய்துகொண்டே போனார். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய மகன் ஓசூரிலிருந்து தர்மபுரிக்கு மாற்றல் கேட்டு இரண்டு வருடமாக அலைகிறானாம். மேலே நாலு பேரைத் தெரிந்திருக்குமே, கொஞ்சம் சொல்ல முடியுமா அம்மா என்றார்.

நான் வெறும் டீச்சர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கைகூப்பி நின்ற விதத்தில் மனசு வரவில்லை.

"பாக்கலாங்க, ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றேன்.

உடனே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்று நகல்கள், கையெழுத்தோடு.