லென்ஸ் அங்கிள் வரைந்த ஒற்றைக் கண்

தமிழ்ச் சங்கத் தலைவரே, லென்ஸ் அங்கிளின் நான்கு மாத உழைப்பைக் குப்பையில் போட்டது நீங்கள்தான்.

அமெரிக்காவில், நம் ஃப்ரீமான்ட் ஊரில் அவரைப் போல ஒரு கிறுக்கர் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கட்டைவிரல் அளவில் முகம் வரைவார்களாம். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்யும் இவருக்கு மாலையில் அதுதான் வேலை. கண்ணில் லென்ஸ், கையில் நாலு முடி பிரஷ். அந்தக் காலத்தில் தந்தத்தில்தான் வரைந்தார்கள் என்று, யாரோ தெருவில் போட்ட பழைய பியானோவை இழுத்து வந்து, கட்டைகளில் ஒட்டியிருந்த தந்தத்தை மட்டும் உரித்தார். மிச்சப் பியானோ ஆறு மாதம் என் பார்க்கிங்கில் கிடந்தது. வரையும்போது மூச்சுகூட விடமாட்டார். பக்கத்தில் நின்று தும்மியதற்காக என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

அந்தக் காலத்துக் காதலர்கள், ஆள் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருக்க ஒரு கண்ணை மட்டும் வரைந்து வாங்குவார்களாம். விசாவுக்காக ஈரோட்டில் காத்திருந்த மனைவியின் கண்ணை வீடியோ காலில் பார்த்து இவரும் வரைந்தார்.

“ஏனுங்க, கண்ணு எரியுதுங்க. சிமிட்டிக்கட்டுமா?”

“சிமிட்டாத! இன்னும் மூணு இமைமுடி பாக்கி.”

“அடுப்புல ரசம் பொங்குதுங்க!”

“பொங்கட்டும். அசையாத.”

விசா வந்தது. வரும் சனிக்கிழமை அந்தம்மா வந்து இறங்குகிறார். விமான நிலையத்திலேயே கையில் கொடுக்க வைத்திருந்த படத்தை, நீங்கள் கெஞ்சியதால்தான் சங்கத்தின் ஓவியக் கண்காட்சிக்குக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு கார் பார்க் பண்ணப் போனார். ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? “அட, திருஷ்டிக்கா? சூப்பர்!” என்று எலுமிச்சை, மிளகாயோடு கட்டி வாசலில் தொங்கவிட்டீர்கள். அவர் உள்ளே சுவர் சுவராகத் தன் படத்தைத் தேடிக்கொண்டிருக்க, விழா முடிந்ததும் அதைப் பூசணிக்காயோடு சேர்த்துச் சுற்றி, குப்பைத் தொட்டியில் எறிந்தீர்கள்.

நானும் அவரும் அந்த ஆள் உயரத் தொட்டிக்குள் இறங்கினோம். எலுமிச்சை கிடைத்தது. கண் கிடைக்கவில்லை. நீங்கள் வெளியே நின்று, “திருஷ்டி கழிச்சத திரும்ப எடுக்கக் கூடாதுங்க, நமக்கே ஒட்டிக்கும்” என்றீர்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு அனுப்பினீர்கள். அவ்வளவுதான்.

தன் மனைவியை அவ்வளவு நேரம், அவ்வளவு கவனமாகப் பார்த்த இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. அதற்குள் சங்கத்து மேடையில், எல்லோர் முன்னாலும், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: அந்தம்மாவிடம் அவர் என்ன கொடுக்க வேண்டும்?