ஆணியில் தொங்கிய மாலை

கல்வி அலுவலகத்து அதிகாரி ஷரிபுதீன் சேர் நாளைக்குத் தரம் ஒன்று வகுப்பைப் பார்க்க வருகிறாராம். பார்க்க என்ன இருக்கிறது? குட்டிக் கதிரைகள் இருக்கின்றன. பிள்ளைகள்தான் இல்லை.

அதிபர் பரீனா டீச்சர் போனை வைத்துவிட்டு அந்த வகுப்பறைக்குள் போய் நின்றார். புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவில் போடவென்று அவர் கட்டிய கடதாசி மாலை இன்னும் ஆணியில் தொங்கியது. பாலமுனைப் பெற்றோரெல்லாம் பெரிய பள்ளிக்கூடத்தைத் தேடி ஓடிவிட்டார்கள். ஒரேயொரு பிள்ளை வந்தால் போதுமென்று தினமும் வாசலைப் பார்த்து ஏங்கியதுதான் மிச்சம்.

"பள்ளிக்கூடத்த மூடத்தான் வாறார், மஜீட் காக்கா."

"ஏன் யோசிக்கிற டீச்சர்?" என்றார் காவலாளி மஜீட். "றவூப் லெவ்வைட மதரசாவில ஓதுற சின்னனுகளக் கொண்டந்து இருத்தினாச் சரிதானே!"

மறுநாள் காலை வகுப்பறை நிரம்பிவிட்டது. ஷரிபுதீன் வந்தார். அவர் விரலைப் பிடித்தபடி மகள் மர்ஷூதாவும் வந்தாள். அவள் ஆணியில் தொங்கிய மாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படியொரு பிள்ளை நமக்கு வாய்க்காதா என்று பரீனா நினைத்துக்கொண்டார்.

"கரும்பலகையில இரிக்கிறத வாசிங்க பாப்பம்," என்றார் ஷரிபுதீன்.

பலகையில் இருந்தது 'அம்மா'. பிள்ளைகள் மதரசாவில் அரபு எழுத்து ஓதுவதுபோல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒரே குரலில் தொடங்கினார்கள்.

"அலிப்... பே... தே..."

"ஓதினது போதும், பாட்டுப் படிங்க!" என்று பரீனா பதறிப்போய்க் குறுக்கே விழுந்தார்.

"பிஸ்கட் தாறண்டு சொன்ன, எங்க?" என்றான் ஒருவன். அது மஜீட் கொடுத்த வாக்கு. அவ்வளவுதான், பிஸ்கட் கேட்டு வகுப்பே கத்தியது.

எப்படியாவது அடக்குங்கள் என்று பரீனா கையை ஆட்டினார். மஜீட் போய் மணியை அடித்தார். இடைவேளை என்று நினைத்த மேல் வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்து, பிஸ்கட் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே நெருக்கியடித்தார்கள். கதிரைகள் குடைசாய்ந்தன. மர்ஷூதா வாப்பாவின் காற்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பரீனா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார்.

"எங்கட பள்ளிக்கூடம் எப்பயும் இப்படித்தான் சேர். பிள்ளைகள் நிரம்பி வழியும்!"

ஷரிபுதீன் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பரீனா பின்னாலேயே ஓடினார்.

"சேர், இனி மூடமாட்டீங்கதானே?"

"மூடுறதா? நான் அதுக்கு வரல்ல, டீச்சர்." அவர் மகளின் முதுகைத் தடவினார். "பெரிய பள்ளிக்கூடத்துக் கூட்டத்தப் பாத்து இவட பேச்சே நிண்டுட்டு. இஞ்ச தரம் ஒண்டுல பிள்ளையே இல்லையெண்டு கேள்விப்பட்டுத்தான், இவளச் சேக்கக் கூட்டி வந்தன்."