காலியாக இல்லாத கணக்கு வாத்தியார் பதவி

எங்கள் ஊர் அரசு உதவிபெறும் பள்ளியின் கணக்கு வாத்தியார், பொதுக் கல்வியைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவுசெய்து சட்டசபைக்குப் போனார். ஓட்டுப் போட்டு அனுப்பியது நாங்கள்தான். அன்றிலிருந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

தலைமையாசிரியை கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

"இடம் காலியா இருந்தாத்தானேம்மா ஆள் போட முடியும்? அவர் விடுப்புல இருக்காரு. இடம் நிரம்பியிருக்கு" என்றார் அதிகாரி.

"வகுப்புல ஆள் இல்லையே, சார்!"

"ஆள் இருக்காங்களான்னு பாக்குறது எங்க வேலை இல்லம்மா."

தலைமையாசிரியை வாத்தியாரிடமே போய்ச் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நல்ல மனிதர்.

"பிள்ளைங்க படிப்போட விளையாடறாங்களா? நான் விடமாட்டேன், மேடம்!"

"நீங்க பள்ளிக்கூட வேலையை ராஜினாமா பண்ணாப் போதும், சார்."

"அதெப்படி? அடுத்த தடவை தோத்துட்டா நான் எங்க போவேன்? எனக்கும் குடும்பம் இருக்குல்ல?"

மறுநாள் சபையில் மேசையைத் தட்டி முழங்கினார். "மாணவர்களை அம்போவென்று விட்டுப்போன அந்த ஆசிரியர் யார்? நாடு அறிய வேண்டும்!"

அது மாண்புமிகு உறுப்பினரேதான் என்று அமைச்சர் பணிவுடன் தெரிவித்தார். உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கல்வியில் அனுபவமுள்ளவர் சபையில் அவர் ஒருவரே என்பதால் தலைவரும் அவரே ஆனார். தம்மைத் தாமே நேரில் வரவழைத்துத் தீர விசாரித்தார். மேற்படி ஆசிரியர் பொதுக் கல்விக்காகவே வகுப்புக்கு வருவதில்லை என்று கண்டறிந்து, அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கப் பரிந்துரைத்தார்.

அதற்குள் முழுப் பரீட்சை வந்தது. எங்கள் தெருத் தையல்காரம்மாவின் மகள் கணக்கில் தேறவில்லை. என் பையனும் தேறவில்லை.

அடுத்த தேர்தல் வந்ததும் தையல்காரம்மா தெருவைக் கூட்டினார். "அவரைத் தோக்கடிங்க. தன்னால வகுப்புக்கு வந்துருவாரு. நம்ம சின்னதுங்களாவது தேறட்டும்."

எதிரே நிற்பது யார் என்றே நாங்கள் பார்க்கவில்லை. கழுதையை நிறுத்தியிருந்தாலும் போட்டிருப்போம்.

வாத்தியார் தோற்றார். திங்கட்கிழமை காலை சுண்ணக்கட்டியோடு வகுப்புக்குள் நுழைந்தார். வாசலில் நின்று பார்த்த தையல்காரம்மா அழுதேவிட்டார்.

அப்போது மாலையும் கழுத்துமாக வந்து சேர்ந்தார் வெற்றி பெற்றவர். எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, தலைமையாசிரியையிடம் விடுப்புக் கடிதத்தை நீட்டினார்.

"அப்போ அறிவியல் பாடத்துக்கு யார் சார் வருவா?" என்றார் தலைமையாசிரியை.

"பொதுக் கல்வியைக் காப்பாத்தப் போறேன், மேடம்!" என்றார் அறிவியல் வாத்தியார்.

பழக்கதோஷம், நாங்கள் கைதட்டிவிட்டோம்.