சுவரில் முளைத்த கம்பு

மனிதன் ஊர் மாறும்போது பெட்டி படுக்கையோடு தன் ஊர் வெயிலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறான். நான் அப்படித்தான் போனேன்.

திருவேங்கடத்துக் கரிசலில் பிறந்தவன் நான். எங்கள் பக்கம் வீடு என்றால் வெயிலுக்கு ஒளிந்துகொள்ளும் இடம். தடித்த மண்சுவர், முகம் மட்டும் தெரியும் ஜன்னல், தட்டையான மண்கூரை. சித்திரையிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். யுத்தத்துக்கு முன்னால் குற்றாலத்தில் வாத்தியார் வேலையும் தென்காசியில் பெண்ணும் கிடைத்ததும், ஐந்தருவி போகும் வழியில் அதே மாதிரி ஒரு வீடு கட்டினேன். சுவருக்கு மண் குழைக்க ஊரிலிருந்து வண்டி நிறையக் கம்பு உமி வரவழைத்தேன். (இந்த ஊர் நெல் உமி எனக்கு ஆகாதாம். என்ன திமிர்!)

"இங்கன சாரல் பக்கவாட்டுல அடிக்கும். ஓடு போட்டுச் சரிவா இறக்குங்க" என்றாள் என் மனைவி செண்பகம்.

"வெயில் வரட்டும், அப்ப தெரியும்" என்றேன். (குற்றாலத்தில்! வெயில்!)

ஆனியில் குடிபுகுந்தோம். ஆடி பிறந்ததும் மாமனார் மகளை அழைத்துப்போக வருவார். வீடு பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பமாட்டார். அந்தப் பயம் எனக்கு உள்ளூர இருந்தது.

சாரல் தொடங்கியது. மலை எது, மேகம் எது என்று தெரியாத நாட்கள். அருவிச் சத்தம் சுவருக்குள்ளிருந்தே வருவது போலிருக்கும். நடுமத்தியானத்திலும் கண் சொக்கும். ஜன்னல் சின்னது, உள்ளே வந்த ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. வேட்டி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, அப்பளம் துணி போல மடங்கியது.

ஒருநாள் விடியலில் கண் விழித்தால், சுவரெங்கும் மெல்லிய பச்சை. கனவுதான் என்று கையால் தடவினேன். மெத்துமெத்தென்றிருந்தது. செண்பகமும் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க" என்றாள்.

அழகாகத்தான் இருந்தது. உமியோடு வந்த கம்பு மணிகள் சுவரில் முளைத்துவிட்டன என்று எனக்குப் புரிவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். மாமனார்!

குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூரையிலிருந்து ஒரு கை மண் தொப்பென்று அவர் தலைப்பாகையில் விழுந்தது. குடையை மறுபடி விரித்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ள, வீட்டுக்குள்ள வெள்ளாமை பாக்குதீங்களோ?"

"இல்ல மாமா... வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்..."

"வெயில் எங்கன இருக்கு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கும் இல்லை.

"ஏட்டி செண்பகம், துணிமணிய எடு. ஆடி போனாலும் உன்ன இந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செண்பகம் நகரவில்லை.

"அப்பா, என் கல்யாணத்துல பாலிகைச் சட்டியில போட்ட விதை முளைக்கல, சகுனம் சரியில்லன்னு தூங்காமக் கிடந்தீங்கல்லா? இப்பம் பாருங்க, எப்படி முளைச்சிருக்குன்னு!"

மாமனார் குடைக்குள் நின்றபடி சுவரிலிருந்த முளையை விரலால் தடவிப் பார்த்தார். மீசை மெல்ல அசைந்தது.

"சரி, அனுப்புதேன். முதல்ல ஓடு வரட்டும்."

ஆவணியில் தென்காசியிலிருந்து ஓடு ஏற்றிய வண்டி வந்தது. அதன் பின்னாலேயே அவள் வந்த வண்டி.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாலிகை முளைக்கச் சுணங்கினால், "சட்டி எதுக்கு? அவுகள ஒரு சுவர் கட்டச் சொல்லுங்க" என்று என்னைக் கை காட்டுவார்கள். முதலில் சொல்பவள் செண்பகம்தான்.