ஏழு மணிக் கோச்

பெரிய பதவி கிடைத்த மனிதனுக்கு முதலில் பழுதாவது காது. பாதிதான் விளங்கும்; மீதியைத் திருப்பிக் கேட்கக் கௌரவம் விடாது. இரத்மலானையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் சின்னக் கம்பனி ஒன்றில் ஜெனரல் மெனேஜர் ஆனபோது எனக்கும் அந்த வருத்தம் வந்தது.

பழைய வேலை போய்ப் பல மாதம் வீட்டில் கிடந்தவன் நான். (வெள்ளவத்தையில் மீன் விலை என்னைவிடத் தெரிந்த ஆம்பிளை அப்போது இல்லை.) மனைவி சுகந்தியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இந்த வேலையும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வெளியிலிருந்து வந்த மெனேஜர்மார் இரண்டு பேர் அந்தக் குடும்பக் கம்பனியோடு ஒத்துப்போக முடியாமல் ஓடியிருந்தார்கள்.

மூன்றாவது ஆளையாவது தக்கவைக்க, முதலாளி ஹாஜியார் தன் மகளின் யோசனைப்படி ஓர் ஏற்பாடு செய்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“நாளக்கி காலேல ஏழு மணிக்கி உங்களுக்குக் கோச் ஈக்கிது. வெள்ளவத்தையிலதான், கடல் பக்கமா. சல்லியெல்லாம் நான் கட்டிட்டேன். மிஸ் பண்ணிராதீங்க. எடம் வந்து…”

“தெரியும் ஹாஜியார், வீட்டுக்குக் கிட்டத்தான்” என்று மறித்தேன்.

எங்கள் பேச்சில் கோச்சி என்றால் ரயில். வெள்ளவத்தை ஸ்டேசனும் கடலோரத்தில்தான் இருக்கிறது. கிரிக்கெட் பழக்குகிறவரைத் தவிர வேறு கோச் எனக்குத் தெரியாது. புதிதாக வந்த மேலதிகாரிக்குக் கூட இருந்து வழிகாட்டவும் ஒரு கோச் உண்டு என்று யார் கண்டார்கள்? கார் தருவார் என்று பார்த்தால் ரயிலில் போகச் சொல்கிறாரே என்று இரவு முழுக்கப் பொருமினேன். காலையில் டை கட்டிக்கொண்டு, நெரிசலில் நசுங்கி, இரத்மலானையில் இறங்கினேன்.

ஒன்பது மணிபோல ஹாஜியார் மீண்டும் எடுத்தார்.

“கோச் எப்படி?”

என் பிரயாணத்தைக்கூட விசாரிக்கிறாரே என்று மனம் இளகிவிட்டது. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“பரவாயில்லை ஹாஜியார். கொஞ்சம் லேட்.”

“லேட்டா? டைமுக்கு வரும் எண்டுதானே மகள் செல்லிச்சி.”

“பழசுதானே. சத்தமும் கூட. வேர்வை நாத்தம், கிட்ட நிக்கேலாது. ஆனா போய்ச்சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திடும்.”

“சரி, நான் செல்லிப் பாக்கிறேன்” என்றார். ரயில்வேக்கே சொல்லப் போகிறார் என்று பெருமையாக இருந்தது.

மத்தியானத்துக்கு முன் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க, கஞ்சி போட்ட பருத்திச் சேலை உடுத்த அம்மா ஒருவர் இறங்கி ஹாஜியாரின் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

“இவங்களப் பத்தித்தான் காலேல அப்பிடிச் செல்லினீங்களா?” ஹாஜியார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இவவை எனக்குத் தெரியாதே. நான் சொன்னது கோச்சியை.”

“நான்தான் தம்பி கோச்” என்றார் அந்த அம்மா. “கடல் பக்கத்து ஹோட்டல்ல உங்களுக்காக ஒரு மணித்தியாலம் காத்திருந்தனான்.” சொல்லிக்கொண்டே, தன்னை அறியாமல் சேலைத் தலைப்பை ஒருதரம் மோந்து பார்த்தார்.

சுகந்திக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

“விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே?” என்றார் அவர்.

“மெனேஜர் கேட்டால் மதிக்கமாட்டினம் எண்டு நினைச்சன், மெடம்.”

ஹாஜியார் மேசையைப் பார்த்தபடி தாடியைத் தடவினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“மகள் செல்லக்குள்ள நானும் கோச்சியெண்டுதான் நெனச்சேன்” என்றார் மெதுவாக. “எதுக்கு மகள், வேன் அனுப்புவமே எண்டேன். அவ சிரிச்ச சிரிப்பில, வேற யாருக்கிட்டயும் நான் செல்லல்ல.”

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த மனிதர் மேல் அன்றைக்கு விழுந்த அன்பு இன்னும் குறையவில்லை.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது எங்கள் பெக்டரியில் யாருக்கு என்ன வேலை சொன்னாலும், “சேர், கோச்சா கோச்சியா?” என்று கேட்டு உறுதி செய்த பிறகுதான் கை வைப்பார்கள். அந்தக் கேள்வி வீட்டுக்கும் வந்துவிட்டது. போன கிழமை சுகந்தியிடம், “நீ இல்லாட்டி அந்த நாள்கள்ல நான் உடைஞ்சு போயிருப்பன்” என்று மனம் கரைந்து சொன்னேன்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. “இது கோச்சோ, கோச்சியோ?” என்றாள்.