ஏழாம் நம்பரைத் திட்டும் உரிமை

ஜெயிக்கிற அணிக்கு ரசிகராக இருக்க என்ன திறமை வேண்டும், சொல்லுங்கள். கை இருந்தால் தட்டலாம், வாய் இருந்தால் விசில் அடிக்கலாம், முடிந்தது சோலி. நான் சொல்ல வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றி அல்ல. தோற்பதை ஒரு ஒழுங்கோடு செய்துவரும் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்றுக்கு, வெயிலில் காய்ந்து, தொண்டை கட்டி, வீட்டில் வசவு வாங்கி, அப்படியும் விடாமல் ரசிகராக இருக்கிற பிறவிகள் உண்டு. ஊருக்கு ஒன்று இருந்தாலே அதிகம். எங்கள் ஊரின் ஒன்று என் அடுத்த வீட்டில் குடியிருக்கிறது.

பெயர் ஏசுவடியான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். கல்லூரி இரண்டு ஊருக்கும் நடுவில். அதன் பெயரைக் கேட்காதீர்கள், இதுவரை பட்டதே போதும். ஏசுவடியான் அண்ணன் அங்கே படித்தவரா? இல்லை. மகள்? அவளும் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது மொபெட் பஞ்சர் ஆனது. பஞ்சர் கடை மைதானத்துக்கு எதிரே. ஒட்டி முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அன்றைக்கு நம் பையன்கள் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். டியூபை ஒட்டியாயிற்று, காற்றும் அடித்தாயிற்று, மனுஷன் நகரவில்லை. ‘சரி, அடுத்த வாட்டி பாப்போம்’ என்றாராம். அந்த அடுத்த வாட்டியைத்தான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஆடுகிறவர்களுக்கு முன்னால் மைதானத்துக்கு வந்துவிடும். நம் கோல் கம்பத்துக்குப் பின்னால் தரையில் துண்டை விரித்து உட்காரும், இடைவேளையில் அணி பக்கம் மாறினால் துண்டோடு தானும் மாறும். முதல் விசில் ஊதும்வரை உலகத்தில் அதைவிடச் சந்தோஷமான ஜீவன் கிடையாது. ஊதிய பிறகு, ‘ஏலே நாலு, உன்னய அங்கன காத்து வாங்கவா நிறுத்திருக்கு’ என்று ஆரம்பித்து, கோச்சை, கோச்சுக்கு வேலை போட்டுக் கொடுத்தவரை, பந்துக்குக் காற்றடித்தவனை, ஒருவர் பாக்கியில்லாமல் திட்டித் தீர்த்து, கடைசி விசிலுக்கு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் என் பேரை மாத்திக் கூப்பிடு என்று என்னிடம் சபதம் செய்யும். அவர் சொன்னபடி கூப்பிட்டிருந்தால் எனக்கு இந்நேரம் பெயர்கள் தீர்ந்துபோயிருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு அதே துண்டு, அதே இடம்.

தோற்றதற்குக் காரணமா? அதற்குப் பஞ்சமே இல்லை. முதல் பாதியில் மலைக்காற்று எதிரே அடித்தது. இரண்டாம் பாதியில் பக்கம் மாறியாயிற்றே என்றால், காற்றும் மாறியது என்பார். ரெஃப்ரி மதுரைக்காரர் என்றால் மதுரைக்காரர் என்பதால், உள்ளூர்க்காரர் என்றால் நம்மை நன்றாகத் தெரிந்தவர் என்பதால். ஒருமுறை யாரோ வளர்க்கும் வெள்ளை நாய் ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, பந்தை மூக்கால் தள்ளித் தள்ளி நம் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரையும் தாண்டி, கோலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. ரெஃப்ரி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ‘பாத்தீகளா, நேர்மையான ரெஃப்ரி’ என்று அந்த ஒரு நாள்தான் அண்ணன் நடுவரைப் பாராட்டினார்.

இன்னொரு விசேஷம் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களின் பெயர் ஏசுவடியானுக்குத் தெரியாது. முகமும் தெரியாது. பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுதானே தெரியும்? பையன்கள் வருவார்கள், படிப்பு முடிந்து போவார்கள், அவருக்கு ஒன்றாம் நம்பர், நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், அவ்வளவே. வீட்டில் குடும்ப ஜெபத்தின்போதுகூட, ‘ஒன்னாம் நம்பரின் கைகளை ஸ்திரப்படுத்தும் ஆண்டவரே’ என்று உருகுவார். ஆண்டவருக்கு ஆள் யாரென்று தெரியும் என்ற நம்பிக்கைதான்.

இதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறதா? அவர் மகள் வின்சிக்கு இல்லை. ராஜபாளையத்தில் நர்ஸாக வேலை பார்க்கிற பிள்ளை, தங்கமான பிள்ளை, அவளுக்கு வந்த இரண்டு வரன்களைப் பந்து உதைத்துத் தள்ளிவிட்டது. முதல் வரனின் தாய்மாமா எதிரணிக் கல்லூரியில் வாத்தியார் என்று தெரிந்ததும் அண்ணன் காப்பித் தம்ளரை அவர் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டாவது வரன்காரர்கள் தேதி குறிக்கும் நேரத்தில், நாலு மணிக்கு ஆட்டம் என்று எழுந்து போய்விட்டார். மூன்றாவதாக வந்தது ராஜபாளையத்து எபனேசர் வீட்டு வரன். மாப்பிள்ளை ஜெர்வின், ராணுவத்தில் இருக்கிறார், லீவில் வந்திருக்கிறார். இரண்டு பேரும் போனில் ஒரு தடவை பேசியிருந்தார்கள். பேசி முடித்ததும் வின்சி நேராக அப்பாவிடம் வந்தாள்.

“எனக்கு அவியளப் பிடிச்சிருக்குப்பா. ஞாயித்துக்கிழமை ஒரு நாளு மட்டும் பந்தப் பத்திப் பேசாம இருங்க. வேற ஒன்னும் நான் கேக்கல” என்றாள்.

அண்ணன் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து வாக்குக் கொடுத்தார். அவர் மனைவி இன்பம் அக்காவுக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. என்னைக் கூப்பிட்டு, தம்பி பாண்டிதுரை, நீ அவுகளுக்குப் பக்கத்திலேயே உட்காரு, பேச்சு மைதானத்துப் பக்கம் திரும்பினால் தொடையில் நறுக்கென்று கிள்ளு என்று வேலை கொடுத்தார். சம்பந்தம் பேசும் சபையில் எனக்குக் கிடைத்த கௌரவமான பதவி அது.

ஞாயிறன்று ஆராதனை முடிந்து அவர்கள் வந்தார்கள். எபனேசர், அவர் மனைவி, ஒட்ட வெட்டிய தலையும் கத்தையான மீசையுமாக மாப்பிள்ளை. ஜெபம் நடந்தது, பந்து வரவில்லை. காப்பி, பால்கோவா, காராச்சேவு, பந்து வரவில்லை. வின்சி வந்து வணக்கம் சொல்லி அம்மாவின் பக்கத்தில் நின்றாள், மாப்பிள்ளையின் மீசை லேசாகச் சிரித்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் எபனேசர், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, இந்தப் பக்கம் மழை உண்டுமா என்று கேட்டார். பாவம், அவர் மீது தப்பில்லை. விருந்தாளி வேறென்ன கேட்பார்?

“மழையா?” என்றார் ஏசுவடியான். அந்தக் குரலைக் கேட்டதுமே நான் கிள்ளிவிட்டேன். உறைக்கவில்லை. மழையிலிருந்து அந்த வருஷத்து மழைக்கு, அந்த வருஷத்து மழையிலிருந்து செமிஃபைனலுக்கு, மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் அணி அதன் சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை எட்டிப்பிடித்த செமிஃபைனல். கடைசி நிமிஷத்தில் பெனால்டி. உதைக்க வந்தவன் ஏழாம் நம்பர். கோல் கம்பத்துக்கு மேலே, காம்பவுண்டுக்கும் மேலே, அந்தாண்டை கருவேலங்காட்டுக்குள் அடித்தான், முள் குத்திப் பந்து புஸ்ஸென்று போனது. அன்றைக்கு ஆரம்பித்த வசவு இன்னும் ஓயவில்லை. ஏழாம் நம்பருக்குக் கண் இருக்கிறதா, கால் இருக்கிறதா, கோல் இருக்கிற உயரத்துக்கும் தென்னை மர உயரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா என்று அண்ணன் எழுந்து நின்று நடித்தே காட்ட, காராச்சேவுத் தட்டு ஒன்று கவிழ்ந்தது. நான் கிள்ளிக்கொண்டேதான் இருந்தேன். வின்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை கையில் எடுத்த காராச்சேவை வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான்.

எபனேசர் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் பெண் எடுக்க வந்த வீட்டில் மறுத்துப் பேசலாமா? தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நீங்க சொல்லுதது வாஸ்தவம்தான். அந்த ஏழாம் நம்பரு எதுக்கும் லாயக்கில்லாதவன்.”

அவ்வளவுதான். ஏசுவடியான் அப்படியே நின்றார். ஆடிக்கொண்டிருந்த கை இறங்கியது. அந்த மௌனம் எனக்குத் தெரியும். மைதானத்தில் எதிரணிக்காரன் எவனாவது நம் பையன்களை நக்கலடித்தால் வருகிற மௌனம். நான் கிள்ளுவதை விட்டுவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன சொன்னீய?” என்றார். “அவன் லாயக்கில்லாதவனா? அந்த வருசம் செமிஃபைனலுக்கு அவுகளக் கூட்டிட்டு வந்தது யாரு? பத்துப் பேரு நின்னு வேடிக்க பாத்தானுவ, ஓடுனது அவன் ஒருத்தன். முட்டில கட்டுப் போட்டுக்கிட்டு ஓடுனான். பெனால்டின்னதும் எல்லாப் பயலும் தரையப் பாத்தானுவ. எவனும் முன்னால வரல. வெலவெலன்னு நடுங்கிக்கிட்டு இவன்தான் பந்தக் கையில எடுத்தான். அவனத் திட்ட எனக்கு உரிமை இருக்கு, வெயில்ல கெடந்து சம்பாரிச்ச உரிமை. நீங்க யாரு அவனப் பேச?”

எபனேசர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “நான் அவனப் பெத்தவன்” என்றார்.

இன்பம் அக்கா கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் மடியில் வைத்தார். ஏசுவடியான் மாப்பிள்ளையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதே. முகத்தை வைத்து அவர் என்ன செய்ய?

“எந்திரிச்சுத் திரும்பி நில்லும்” என்றார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணை நடக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தது எங்கள் தெருவில்தான். ராணுவக்காரர் அல்லவா, சொன்னதும் எழுந்து, விறைப்பாகத் திரும்பி நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நடுவில் எண் எதுவும் இல்லை. ஆனாலும் அண்ணன் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ‘ஆமா, இவன்தான்’ என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

“முட்டு இப்ப எப்படி இருக்கு?”

ஜெர்வின் திரும்பினார். அவர் கண்ணும் அதே நிலவரம்தான். “மழைக்கு மட்டும் வலிக்கும், மாமா” என்றார்.

அந்த ‘மாமா’வில் கல்யாணம் முடிந்துவிட்டது. தேதி, மண்டபம், ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதெல்லாம் பிறகு நடந்த சம்பிரதாயம். வின்சி சுவரை விட்டுத் திரும்பி அழுதுகொண்டே சிரித்தாள், நான் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலை வாசலிலேயே அடையாளம் கண்டுவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். பார்டரில் காவலுக்கு நிற்கும்போது கண் சொக்கினால், ‘ஏலே ஏழு, தூங்குதியால’ என்று அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொள்வாராம், உடனே தூக்கம் ஓடிவிடுமாம். பெனால்டியைத் தவறவிட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டதை நினைத்து எபனேசர் மூக்கை உறிஞ்சினார். வீடே உருகி நின்ற அந்த நேரத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்ட ஏசுவடியான் மருமகன் தோளில் கை போட்டார்.

“அது போவட்டும். பந்த எதுக்குலே அம்புட்டு ஒசரம் தூக்குன?”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது லீவுக்கு வந்தால் மாமனும் மருமகனும் சேர்ந்தே மைதானத்துக்குப் போகிறார்கள். ஒரே துண்டில் உட்கார்ந்து இப்போதைய ஏழாம் நம்பரைத் திட்டுகிறார்கள், அணி குறைவில்லாமல் தோற்கிறது. எபனேசரும் கூடப் போகிறார். ஆனால் அவர் வாய் திறக்கக்கூடாது. இன்னும் ரெண்டு சீசன் வெயிலில் கிடந்த பிறகுதான் திட்டலாம் என்று சம்பந்தி உத்தரவு.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த நாய் கோல் போட்ட இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தீர்களே, அதை நான் கவனிக்காமல் இல்லை. எங்கள் பையன்களைப் பற்றி நான் எழுதலாம், நீங்கள் யார் சிரிக்க? போகட்டும், உங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது, நீங்கள் எந்த அணிக்கும் ரசிகர் இல்லை என்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் தம்பியைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினீர்கள், சோம்பேறி, பொறுப்பில்லாதவன், குடும்பத்தில் ஒருத்தருக்கும் உதவமாட்டான் என்று. நானும் பேசாமல் கேட்டுக்கொண்டேன். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அம்புட்டும் உண்மை, உங்கள் தம்பி ஒரு உதவாக்கரைதான்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள், காப்பி வருகிறது.