வெள்ளிக்கிழமை ஆடிட்

கங்கப்பன் அந்தச் சத்தியத்தைச் செய்தபோது அவன் தட்டில் சுடச்சுட ராகிக் களி இருந்தது. குழம்பு இன்னும் தட்டுக்கு வந்து சேரவில்லை. கோழிக் குழம்புச் சட்டியோடு அவன் மனைவி முனிலட்சுமி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். சட்டி சாய்வதாக இல்லை.

"சொல்லுங்க. அடுத்த படத்த என்னோடதான் மொதல்ல பாப்பீங்க."

"பாக்கறன்."

"எனக்கு முன்னாடி திருட்டுத்தனமா போக மாட்டீங்க."

"மாட்டன்."

"போனா?"

"போனா நீ என்ன சொன்னாலும் கேக்கறன். ஊத்து, லச்சுமி. களி ஆறுது."

"சத்தியமா?"

"களி மேல சத்தியம், கோழி மேல சத்தியம். ஊத்து தாயே!"

சட்டி சாய்ந்தது. பசியில் இருக்கிறவன் எதன் மேலும் சத்தியம் செய்வான் என்பது முனிலட்சுமிக்குத் தெரியும். அதனால்தான் அவள் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தியம் வாங்குவதே இல்லை.

சத்தியம் வாங்கும் அளவுக்குக் கங்கப்பன் செய்த குற்றம் சின்னதில்லை. போன மாதம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு கொலைப் படத்துக்குப் போனார்கள். இடைவேளையில் பாப்கார்ன் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்த கையோடு, "அந்தக் கண்ணு டாக்டர்தான் கொலகாரன், வேணும்னா பாரு" என்றான். கடைசியில் கண் டாக்டர்தான் கொலைகாரன். புருஷனின் மூளையை மெச்சிக்கொண்டே வெளியே வந்தாள் முனிலட்சுமி. இரண்டு நாள் கழித்துத்தான் அவன் அந்தப் படத்தை முன்பே பார்த்துவிட்டான் என்பது தெரிந்தது. அதற்கும் முந்தைய படம் இன்னும் மோசம். அவள் தலைவாரிக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறையில் போனில் யாருக்கோ முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிகள் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சம்பளம் வாங்காமல் குறை கண்டுபிடிப்பது சினிமாவில். தமிழ்ப் படம், கன்னடப் படம், தெலுங்குப் படம் மூன்றும் ஓடுகிற ஊர். மூன்றையும் சரிசமமாகத் திட்டுவான். மொழி வித்தியாசம் பார்க்காத மனுஷன்.

முனிலட்சுமி நேர் எதிர். அவளுக்கு எல்லாப் படமும் பிடிக்கும். "பாவம், எவ்ளோ பேரு சேந்து கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க" என்பாள். கங்கப்பனுக்கு அதைக் கேட்டாலே தலைவலி வரும்.

அவன் தீர்ப்புச் சொல்லும் இடம் கம்பெனி பஸ். உத்தனப்பள்ளியில் கிளம்பி ராயக்கோட்டை ரோடு வழியாக வரும் அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட் அவனுடையது. வெள்ளிக்கிழமை படம் வந்தால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கங்கப்பன் வாய் திறப்பான். அவன் "ரிஜெக்ட்" என்றால் பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் படத்துக்குப் போக மாட்டார்கள். மீதிப் பாதி தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ராஜ்ஜியத்தில் சமீபத்தில் ஒரு எதிரி முளைத்திருந்தான். ஸ்டோர்ஸ் ஹரீஷ்குமார். கல்யாணம் ஆகாதவன், அதனால் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாதவன். அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் போயாவது முதல் நாளே பார்த்துவிட்டு வந்துவிடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை 'வெட்டுக்கிளி வீடு' என்று ஒரு பேய்ப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள் முனிலட்சுமி. கெலமங்கலத்திலிருந்து அவள் அம்மா நாகம்மாவும் வருவதாக ஏற்பாடு.

முதல் ஷிப்ட் முடிகிற நேரம். பக்கத்து வீட்டுக்காரனும் அதே கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவனுமான மாரிசாமி வந்து காதைக் கடித்தான்.

"அண்ணா, ஹரீஷு சாயங்காலக் காட்சிக்கு டிக்கெட் போட்டுட்டானாம். நாளைக்கு பஸ்ஸுல அவன்தான் பேசப் போறான்."

கங்கப்பன் முகம் மாறியது. "நான் சத்தியம் பண்ணியிருக்கன்டா."

"அப்ப விடுங்கணா. ஒரு வாரம் அவன் பேசிட்டுப் போறான். உங்க சீட்டக் கூடக் கேட்டான்."

"சீட்டையா?"

"சும்மா ஒருநாள் உக்காந்து பாக்கறன்னான்."

அரைமணி நேரத்தில் இருவரும் தியேட்டர் வாசலில் நின்றார்கள். மாரிசாமி டிக்கெட் எடுக்கப் போனான். கங்கப்பன் அவனை இழுத்து நிறுத்தி, "இதப் பாரு, வீட்ல சொல்லிடாத" என்றான்.

"எங்க வீட்லயா, உங்க வீட்லயா?"

"எங்க வீட்லதான்டா!"

"உங்க வீட்ல சொல்லவே மாட்டன்ணா" என்றான் மாரிசாமி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்.

கங்கப்பன் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

"லச்சுமி, வர லேட்டாவும். கம்பெனில ஆடிட்."

"ஆடிட்டா? பாவம். நல்லா பாத்துட்டு வாங்க."

"எங்க இருக்க, ஒரே வண்டிச் சத்தமா இருக்குது?"

"பூங்கொடி கூட ஆட்டோவுல போய்க்கினு இருக்கன். அவளுக்கு ஒரு வேல. வைக்கட்டுமா?"

பூங்கொடி மாரிசாமியின் மனைவி. இரண்டு பெண்டாட்டிகளும் வீட்டில் இல்லை என்றதும் கங்கப்பனுக்கு நிம்மதி இன்னும் கூடியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

இடைவேளை வரை உன்னிப்பாகப் பார்த்தான். அதற்குப் பிறகு அதிகாலை ஷிப்ட் வேலையைக் காட்டியது. ஏசி சில்லென்று அடித்தது. படத்தில் எல்லோரும் ஒரு கிணற்றை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். கங்கப்பன் கண் விழித்தபோது கிணறு முடிந்து ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனான்.

"ஆடிட் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லா ஆடிட்டுத்தான் வந்திருக்கீங்க. கண்ணெல்லாம் தூங்கி எந்திரிச்ச மாதிரி உப்பிக் கெடக்குது" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கங்கப்பன் தொண்டையைச் செருமினான். "மொத பாதி பரவால்ல. ரெண்டாவது பாதி லேக். மொத்தத்துல ரிஜெக்ட்."

பின் சீட்டிலிருந்து ஹரீஷ்குமார் எழுந்தான். "என்னாண்ணா சொல்றீங்க? அந்தக் கெணத்து சீனு? தியேட்டரே கத்துச்சு!"

கங்கப்பன் ஒரு நொடிதான் தடுமாறினான். "லைட்டிங் சரியில்லடா. ஒரே இருட்டு. ஒண்ணுமே தெரியல."

கண்ணை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இருட்டாகத்தானே இருந்திருக்கும். அந்த வகையில் அவன் பொய் சொல்லவில்லை. பஸ் அவன் பக்கம் தலையாட்டியது. சீட் தப்பியது.

இனி ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை பார்ப்பவன் போல நடித்துவிட்டால் போதும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தான். புருவத்தைத் தூக்கினால் ஆச்சரியம். வாயையும் திறந்தால் அதிர்ச்சி. நெஞ்சில் கை வைத்தால் பேய்.

"உள்ள என்னா பண்றீங்க இவ்ளோ நேரம்?" என்று கதவைத் தட்டினாள் முனிலட்சுமி.

"பல்லு வெளக்கறன்!"

"பல்லு வெளக்கறதுக்கு எதுக்கு 'ஐயோ அம்மா'ன்னு கத்தறீங்க?"

தியேட்டரில் நடு சீட்டில் கங்கப்பன். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மாமியார். நாகம்மா தமிழும் பேசுவாள், தெலுங்கும் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் கன்னடம்.

படம் தொடங்கியது. கங்கப்பனும் தொடங்கினான். ஆனால் அவனிடம் ஒரு கோளாறு இருந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவனுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. காமெடியன் வாயைத் திறக்கும் முன்பே கங்கப்பன் சிரித்தான். கதவு பூட்டியிருக்கும்போதே "ஐயோ!" என்றான், அப்புறம்தான் கதவு திறந்து பேய் வந்தது. கதாநாயகியின் அப்பா நல்ல ஆரோக்கியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே "ச்சே, பாவம்" என்று கண்ணைத் துடைத்தான். அவர் கடைசிக் கவளத்தில் செத்தார்.

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "அண்ணா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறன். பேய் வந்தப்பறம் கத்துங்க. நீங்க கத்தறத வெச்சே எங்களுக்குத் தெரிஞ்சு போவுது."

"மொத தடவ பாக்கறாரு, அதான்" என்றாள் முனிலட்சுமி அன்பாக.

இடைவேளை முடிந்தது. எல்லோரும் கிணற்றை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். கங்கப்பன் புருவத்தைத் தூக்கத் தயாரானான். எப்போது தூக்குவது என்று தெரியவில்லை. அடுத்து என்ன என்று அவனுக்கே தெரியாது. கிணற்றுக்குள் ஒரு வாளி இறங்கியது. கயிறு ஆடியது. சத்தமே இல்லை. வாளி மேலே வந்தது. வாளிக்குள் ஒரு கை. அந்தக் கை மெதுவாக விரலை நீட்டி நேராகக் கங்கப்பனைக் காட்டியது.

"யம்மோவ்!"

காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த கையைக் கெட்டியாகப் பிடித்தான். அது மாமியார் கை.

"பிடு! கை பிடு!" என்று அலறினாள் நாகம்மா. கன்னடத்தில் பிடு என்றால் விடு. பயத்தில் உறைந்திருந்த கங்கப்பனுக்கு அது 'பிடி' என்று கேட்டது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவள் இன்னும் உரக்க "பிடு" என்றாள். இவன் இரண்டாவது கையாலும் பிடித்தான். முனிலட்சுமிதான் விரல் விரலாகப் பிரித்து அம்மாவை மீட்டாள்.

படம் முடிந்து எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மிளகாய் பஜ்ஜி வந்தது. கங்கப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. நடித்து முடித்துவிட்ட திருப்தி வேறு.

"எப்பிடி இருந்துச்சு?" என்றாள் முனிலட்சுமி.

"மொத தடவ பாக்கறதுக்கு ஓகே. ரெண்டாவது பாதி கொஞ்சம் லேக்."

நாகம்மா பஜ்ஜியிலிருந்து நிமிர்ந்தாள். "லேக்குன்னா ஏரிதான? படத்துல கெணறுதான வந்துச்சு. ஏரி எங்க வந்துச்சு?"

"அம்மா, லேக்குன்னா இழுவைன்னு அர்த்தம்" என்ற முனிலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒரு சந்தேகங்க. அந்தக் கெணத்து சீனுக்கு மட்டும் ஏன் அப்பிடி பயந்தீங்க?"

"மொத தடவ பாத்தா பயமா இருக்காதா?"

"அதான் நானும் சொல்றன். அது மட்டும் உங்களுக்கு மொத தடவ. மத்ததெல்லாம் ரெண்டாவது தடவ."

பஜ்ஜி பாதித் தொண்டையில் நின்றது. "என்னா சொல்ற?"

"வெள்ளிக்கெழம கெணத்துல கை வந்தப்போ நீங்க கொறட்ட விட்டுக்கினு இருந்தீங்க. பின்னாடி ரோவுல நானும் பூங்கொடியும் இருந்தம். கை வந்த பயத்துல பூங்கொடி கத்தறா, உங்க கொறட்டச் சத்தத்துல அது கேக்கவே இல்ல."

"மாரிசாமி! துரோகி! வீட்ல சொல்ல மாட்டன்னானே!"

"நம்ம வீட்ல சொல்லலியே. அவங்க வீட்லதான் சொன்னாரு. எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டும் அவருதான் எடுத்தாரு."

கங்கப்பன் மூளை வேகமாக ஓடியது. ஒரு வெளிச்சம் தெரிந்தது. மேசையைத் தட்டினான். "அப்போ நீயும் எனக்கு முன்னாடி பாத்துட்ட! சத்தியத்த மீறிட்ட!"

"நான் எங்க சத்தியம் பண்ணன்? நீங்கதான பண்ணீங்க. அதுவுமில்லாம நான் உங்களோடதான் பாத்தன். ஒரே காட்சி. நீங்க முன்னாடி, நான் பின்னாடி."

வெளிச்சம் அணைந்தது.

"சரி, ரெண்டு பேரும் பாத்தாச்சு. அப்பறம் எதுக்கு இன்னிக்குக் கூட்டிக்கினு வந்த?"

"நீங்க எப்பிடி சமாளிக்கறீங்கன்னு பாக்கலாம்னுதான். அம்மா கிட்ட சொன்னன். நானும் பாக்கறன்னுச்சு."

நாகம்மா சிரித்துக்கொண்டே டீயை ஆற்றினாள்.

"இப்ப என்னா பண்ணணுங்கற?" என்றான் கங்கப்பன், சரணடைந்த குரலில்.

"சொன்னத கேக்கறன்னு சொல்லியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறன். இனிமே பஸ்ஸுல என் கருத்தத்தான் சொல்லணும்."

"உனக்குத்தான் எல்லாப் படமும் நல்லாருக்குமே!"

"அதச் சொல்லுங்க."

"லச்சுமி, வேணாம். என் மானமே போய்டும். இருவது வருசத்துல நான் ஒரு படத்தக் கூட நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல!"

"நாளைக்கே இந்தப் படத்துல ஆரம்பிங்க."

"சனிக்கெழமதான ரிஜெக்ட்னு சொன்னன்! கெணத்து சீன்ல லைட்டிங் சரியில்லன்னு வேற சொல்லிட்டன்!"

"ரெண்டாவது தடவ பாத்தன், கண்ணு நல்லா தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. பொய் இல்லியே?"

பொய் இல்லைதான். அதுதான் கங்கப்பனுக்குத் தாங்கவில்லை. ஹரீஷ்குமார் எழுந்து நின்று கைதட்டுவது அவன் கண் முன்னால் ஓடியது. ஆறுதலாக ஒரு வார்த்தை யாராவது சொல்ல மாட்டார்களா என்று மாமியாரைப் பார்த்தான்.

"அத்த, நீங்களாவது சொல்லுங்க. இந்தப் படம் அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?"

நாகம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக யோசித்தாள்.

"படத்த நான் எங்க பாத்தன் மாப்ள, உங்களத்தான் பாத்துக்கினு இருந்தன். மொத பாதில நடிப்பு கொஞ்சம் ஓவரு."